ஆறு மாதம் விட்டுத் திரும்பினால் என்ன மிஞ்சும்? நான்கு ஆன்லைன் ஆர்.பி.ஜி.கள், ஓர் ஒப்பீடு

போன மாதம் சித்தி மகன் போன் செய்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தினமும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில், வீட்டில் ஒரு பழைய லேப்டாப், சனி ஞாயிறில் மட்டும் கொஞ்சம் நேரம். "அண்ணா, இனிமே ஒரே ஒரு எம்.எம்.ஓ.தான் ஆட முடியும். எதுக்கு நேரம் குடுக்கலாம்?" என்று கேட்டான். எம்.எம்.ஓ. என்றால் நாம் ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டு, ஒரே இணைய உலகில் ஏராளமானவர்களோடு சேர்ந்து ஆடும் கேம்.

எது நல்ல கேம் என்று கேட்டிருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். எதற்கு நேரம் கொடுக்கலாம் என்பது வேறு கேள்வி. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி கேம்களில் நாம் போடும் முதல் நேரம்தான், காசு அப்புறம். அந்த நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்காது. பரீட்சை வரும், கல்யாணம் வரும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும். ஆறு மாதம் கேம் பக்கமே போக முடியாது. திரும்பி வரும்போது முன்னே உழைத்ததில் எவ்வளவு கையில் நிற்கிறது? கிராஃபிக்ஸ், சண்டை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இதற்கும் முன்னால் ஒரு வடிகட்டல் உண்டு. கேமே மூடிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. சிட்டி ஆஃப் ஹீரோஸை 2012 நவம்பரில் மூடினார்கள். வைல்ட்ஸ்டார் 2014-ல் பெரிய எதிர்பார்ப்போடு வந்து 2018 நவம்பரில் போய்ச் சேர்ந்தது. அதனால் பத்து வருடம் தாண்டியும் உயிரோடிருக்கும் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14, கில்ட் வார்ஸ் 2, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். நான்கையும் நான் ஆடியிருக்கிறேன், சமமாக அல்ல.

வார்கிராஃப்டில் தொடங்குகிறேன், எனக்கு அதிகம் வலித்தது அங்கேதான். 2004-ல் வந்த கேம். 2010-ல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. சண்டையின் சுகத்தில் இன்றைக்கும் இதற்கு ஈடு கிடையாது என்பேன். பட்டனை அழுத்தினால் கேரக்டர் உடனே கேட்கும், ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை நொடிதான். ஒரு கில்டில் (சேர்ந்து ஆடும் நிரந்தரக் குழு) வாரம் இரண்டு நாள் ரெய்டு, அதாவது பலர் கூடிப் பெரிய எதிரிகளை அடிக்கும் சண்டை, போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நாலு மாதம் விட வேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் சீசன், அதாவது புதிய சவால்களும் வலுவான கவசங்களும் வரும் சுற்று, மாறியிருந்தது. இரவெல்லாம் முழித்துச் சேர்த்த கவசத்தைவிட, ஊருக்கு வெளியே சாதாரண வேலை செய்தாலே கிடைக்கும் கவசம் உயர்ந்ததாக இருந்தது. கில்டில் என் இடத்தில் வேறு ஆள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்தக் கேமின் கடிகாரம் அப்படி. வாரா வாரம் கிரேட் வால்ட் என்ற பரிசுப் பெட்டகம் திறக்கும். நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வாரம் போய்விடும். மித்திக் பிளஸ் என்ற நேரக் கணக்குள்ள டஞ்சனை (சிறு குழுவாகப் போகும் குகை) நேரத்துக்குள் முடிக்காவிட்டால் அதைத் திறக்கும் சாவியின் லெவலும் ஒன்று இறங்கும்.

எல்லாமே அழிந்துவிடும் என்று சொன்னால் அது பொய். மவுண்ட் (ஏறிப்போகும் விலங்கு), உடைத் தோற்றம், சாதனைகள் எல்லாம் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அங்கேயே இருக்கும். 2024-ல் வந்த தி வார் விதின் என்ற விரிவாக்கம் (கேமோடு கூடுதலாகச் சேரும் பகுதி) இரண்டு நல்ல காரியம் செய்தது. டெல்வ்ஸ் என்று தனி ஆளாகவே போகக்கூடிய சின்னக் குகைகளைக் கொடுத்தது, அதற்கும் வால்ட்டில் பரிசு உண்டு. வார்பேண்ட் என்று நம் எல்லாக் கேரக்டர்களின் பல முன்னேற்றங்களையும் பொதுவாக்கியது. முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் சீசன் தோறும் கவசம் பழசாவது மாறவில்லை. மாதம் முழுக்க ஆட முடிந்தவருக்கு, அதிலும் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆடுபவர்களுக்கு, இதைவிட நல்ல இடம் இல்லை. விட்டு விட்டு ஆடுபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 விழுந்து எழுந்த கேம். 2010-ல் வந்த முதல் பதிப்பு படுதோல்வி. நவோகி யோஷிதா தயாரிப்பாளராகப் பொறுப்பேற்று, ஓடிக்கொண்டிருந்த கேமை ஒரு பக்கம் ஒட்டுப்போட்டபடி, மறுபக்கம் புதிதாக ஒன்றைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய உலகத்தின் மேல் ஒரு நிலவை விழவைத்து சர்வரை நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்டில் அந்தப் புதிய கேம் எ ரெல்ம் ரீபார்ன் என்ற பெயரில் வந்தது. தோற்ற ஒன்றை இவ்வளவு அக்கறையோடு திருத்தியவர்களை நம்பி நேரம் போடலாம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

இங்கே கேமின் முதுகெலும்பு கதைதான். அதனால்தான் இடைவெளி விட்டாலும் நஷ்டம் குறைவு. பாதியில் நிறுத்திவிட்டுப் போனால், அடுத்த வேலையைக் கொடுக்கும் அதே ஆள் அதே இடத்தில் தலைக்கு மேல் அதே குறியோடு நிற்பார். கதை மறந்துவிட்டதா? விடுதி அறைக்குப் போனால் அங்கே ஒரு புத்தகம் இருக்கும். அதைத் திறந்து பார்த்த காட்சிகளையே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நான் ஒரு மழைநாள் முழுக்க ஹெவன்ஸ்வேர்டு என்ற விரிவாக்கத்தின் காட்சிகளை அப்படிப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரே கேரக்டரில் எல்லாத் தொழிலையும் (வீரன், மந்திரவாதி போன்றவை) கற்கலாம் என்பதால் புதுசாக ஒன்றை வளர்க்கும் வேலையும் இல்லை. பேட்ச் (புதிதாக வந்த பகுதி) ஆடி முடிந்ததும் வேறு கேம் ஆடிவிட்டு வாருங்கள் என்று யோஷிதாவே பல முறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

கூட ஆடுபவர்களின் தன்மையும் பெரிய விஷயம். புதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முளைக்குருத்து தெரியும். முதல் தடவை வருபவர் ஒருவர் டஞ்சனில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு. புதியவர் வந்தால் பழையவர்களுக்கு லாபம் என்று அமைத்துவிட்டதால், நீங்கள் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஆட்கள்தான் பெரும்பாலும் கிடைப்பார்கள்.

இலவச ஆட்டம் மிகத் தாராளம். லெவல் 70 வரை, ஹெவன்ஸ்வேர்டு, ஸ்டார்ம்பிளட் இரண்டும் சேர்த்து, நாள் கணக்கே இல்லாமல் ஆடலாம். பொதுச் சந்தையில் வாங்க விற்க முடியாது, கில்டில் சேர முடியாது, பணம் 3 லட்சம் கில்லுக்கு மேல் சேராது. இதெல்லாம் ஆரம்பத்தில் யாருக்கும் தேவைப்படாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காசு கட்டிய கணக்கை மறுபடி இலவசத்துக்கு மாற்ற முடியாது. அதனால் 70 வரை தீர ஆடிவிட்டுக் காசு கட்டுங்கள்.

குறைகள்? முதல் ஐம்பது லெவல் மெதுவாகத்தான் போகும், எடுபிடி வேலை நிறைய. கதையை முடிக்காமல் புது இடங்களுக்குப் போக வழியில்லை, அதுவோ நூற்றுக்கணக்கான மணி நேரம். காட்சிகளைத் தாண்டித் தாண்டி ஆடுபவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். இன்னொன்று, வீடு. காசு சேர்த்து, குலுக்கலில் பெயர் விழுந்து ஒரு வீடு வாங்கினால், 45 நாள் அதற்குள் காலடி வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். விட்டு விட்டு ஆடுபவர் அபார்ட்மென்டோடு நின்றுகொள்வது நல்லது, அதை யாரும் இடிப்பதில்லை.

கில்ட் வார்ஸ் 2-க்கு வருவோம். என் அளவுகோலில் இதுதான் முன்னே நிற்கிறது. 2012 ஆகஸ்டில் வந்தபோது உச்ச லெவல் 80. இன்றும் 80. எத்தனை விரிவாக்கம் வந்தாலும் அதை ஏற்றவே இல்லை. 2013-ல் ஒருவர் செய்த, அசெண்டட் என்ற தரத்து வாள் இன்றைக்கும் உச்ச வலிமை உள்ள வாள்தான். அதற்குமேல் லெஜண்டரி என்ற தரம் இருக்கிறது, ஆனால் அதன் வலிமையும் அதேதான். குணங்களை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதிக்காகத்தான் அது. 2021-லிருந்து ஒரு கேரக்டருக்குச் செய்த லெஜண்டரியை நம் எல்லாக் கேரக்டரும் எடுத்து மாட்டலாம். மாதச் சந்தாவும் இல்லை. எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி உள்ளே போனேன். அதே கவசத்தோடு நேராக ஆரிக் பேசின் என்ற பகுதிக்குப் போனேன், யாருக்கும் நான் பின்தங்கியவனாகத் தெரியவில்லை.

வலிமை கூடாவிட்டால் எதற்காக ஆடுவது என்று கேட்பார்கள். இங்கே கூடுவது நாம் போகக்கூடிய தூரம். 2015-ல் காற்றில் மிதக்கும் கிளைடர் வந்தது, 2017-ல் பாத் ஆஃப் ஃபயர் விரிவாக்கத்தோடு மவுண்ட்கள் வந்தன. ராப்டர் பள்ளத்தைத் தாண்டும், ஸ்பிரிங்கர் பாறை உயரம் குதிக்கும், கிரிஃபின் உச்சியிலிருந்து சிறகைச் சுருக்கிப் பாய்ந்து வேகம் பிடித்து மேலே எழும்பும். மற்ற கேம்களில் மவுண்ட் என்பது வேகமாகப் போக ஒரு வண்டி. இங்கே ஒவ்வொன்றையும் ஓட்டவே கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கைப்பழக்கம் ஒரு வருடம் கழித்தும் விரலில் இருக்கும்.

அன்று ராத்திரி ஆரிக் பேசினில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தாரிர் என்ற பொன் நகரத்தின் நாலு பக்கமும் நாலு ராட்சதக் கொடிகள். நாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொன்றால்தான் சாகும், ஒன்று முந்தினால் முளைத்துவிடும். ஒவ்வொரு பக்கமும் இருபது முப்பது பேர், பலர் முன்பின் தெரியாதவர்கள். வடக்குக்காரர் சாட்டில் "எங்க கொடிக்கு உயிர் இன்னும் பத்து சதம், நிறுத்திட்டோம்" என்கிறார். கிழக்கில் இன்னும் முப்பது. எல்லோரும் ஆயுதத்தை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கிழக்கும் பத்துக்கு வந்ததும் கமாண்டர் எண்ணத் தொடங்குகிறார். நாலு பக்கமும் ஒன்றாக அடித்தோம், நாலும் விழுந்தன. அப்புறம் நகரத்துக்கு அடியில் பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டு ஓடினோம். நான் எந்தக் குழுவிலும் விண்ணப்பித்துச் சேரவில்லை, யாரும் என் கவசத்தைச் சோதிக்கவில்லை. அங்கே இருந்தேன், அதனால் சேர்ந்துகொண்டேன்.

கதை ஃபைனல் ஃபேன்டஸி அளவுக்கு ஆழமில்லை. பை நிரம்பிக்கொண்டே இருக்கும், எதை வைப்பது எதை விற்பது என்று புதியவருக்குத் தலை சுற்றும். அடிப்படைக் கேம் இலவசம் என்றாலும் லிவிங் வேர்ல்டு என்ற இடைக்கதைகளில் பெரும்பாலானவற்றைத் தனியாக வாங்க வேண்டும். தள்ளுபடி நாளுக்குக் காத்திருந்து வாங்குங்கள்.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைப் பார்த்ததும் இதென்ன இவ்வளவு பழசு என்று தோன்றும். பழசுதான். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த ஒரு பிரதியை 2013-ல் அதன் நிறுவனமான ஜாகெக்ஸ் மறுபடி திறந்துவிட்டது. அன்றிலிருந்து பெரிய மாற்றம் எதுவானாலும் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட வேண்டும். முன்பு 75 சதம் வேண்டியிருந்தது, 2022-லிருந்து 70. செயிலிங் என்ற புதுத் திறன்கூட அப்படி ஓட்டில் ஜெயித்துத்தான் 2025 நவம்பரில் வந்தது. நாம் போட்ட உழைப்பை ஒரே நாளில் யாரும் செல்லாக்காசு ஆக்க முடியாது என்பதற்கு இந்த ஓட்டு ஒரு காவல்.

உழைப்பு என்றால் சும்மா இல்லை. ஒரு திறனில் உச்ச லெவலான 99-ஐத் தொட 1 கோடியே 30 லட்சத்து 34 ஆயிரத்து 431 புள்ளி வேண்டும். லெவல் 92 வந்தால்தான் பாதி தூரம். ஆனால் அந்தப் புள்ளி ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. சீசன் கிடையாது. 2018 அக்டோபரிலிருந்து மொபைலிலும் வந்துவிட்டது, குறைத்துக் கொடுத்த பதிப்பு அல்ல, அதே உலகம், அதே கணக்கு. ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மீன் பிடிக்கலாம், வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அதே மீனைச் சமைக்கலாம். இலவசமாக ஆட ஒரு பகுதி உண்டு, முழு உலகத்துக்கு மாதக் கட்டணம். ஆரம்பத்தில் சண்டை என்பது கிளிக் செய்துவிட்டுக் காத்திருப்பதுதான். அதில் பொறுமை இல்லாதவருக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

நம் ஊரிலிருந்து ஆடுபவர் பிங்கையும் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம்) கணக்கில் எடுக்க வேண்டும். ரூன்ஸ்கேப் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நம் கட்டளையை எடுத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் தாமதம் அங்கே உறைக்காது. ஃபைனல் ஃபேன்டஸியில் ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இரண்டரை நொடி இருப்பதால் சமாளிக்கலாம். ஆனால் அந்த இடைவெளிக்குள் இரண்டு திறன்களைச் செருக வேண்டிய தொழில்களில் தாமதம் நன்றாகத் தெரியும், ஹீலராகவோ (காயம் ஆற்றுபவர்) மந்திரவாதியாகவோ தொடங்கினால் நிம்மதி. கில்ட் வார்ஸ் 2-க்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும்தான் சர்வர். விலகி உருளும் பட்டனைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தப் பழகினேன். திறந்த உலகத்தில் அது போதும், கடினமான ரெய்டுகளில் போதாது.

தம்பிக்கு நான் சொன்னது இது: ரயிலில் ரூன்ஸ்கேப், அதுவும் முதல் மாதம் இலவசப் பகுதி மட்டும். பழைய லேப்டாப் தாங்குமா என்று கில்ட் வார்ஸ் 2-ஐ ஒரு சனிக்கிழமை போட்டுப் பார், காசு கொடுக்காமல் எண்பது வரை ஏறு. இரண்டில் எது திங்கட்கிழமையும் ஞாபகத்தில் நிற்கிறதோ அதற்குக் காசு போடு. கதைதான் வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஃபைனல் ஃபேன்டஸி இலவச ஆட்டத்துக்குப் போ, அவசரமே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். ரயிலில் கூட்டம் அதிகமாம், ரூன்ஸ்கேப்பில் மரம் வெட்டுவதில் இன்னும் லெவல் முப்பதுதான். ஆனால் ராப்டர் வாங்க எந்த விரிவாக்கம் வேண்டும் என்று கேட்டான். பாத் ஆஃப் ஃபயர் என்றேன்.