போர்ட்லாந்தில் ஒரு சைலோசைபின் மையம்: கட்டணம் செலுத்திச் சென்றவளின் மதிப்புரை

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், கைப்பேசியில் மருத்துவமனையின் எண்ணைக் கண்டால் என் விரல்கள் மரத்துப்போகும். நோய் உடலை விட்டுப் போய்விட்டது, அச்சம் போகவில்லை. மனநல ஆலோசகரிடம் ஓராண்டு சென்றதில் ஓரளவு தெளிவு கிடைத்தது. அதன் பின், என் புற்றுநோய் மருத்துவரிடம் கலந்து பேசிவிட்டு, மாயத்தோற்றம் தரும் காளான்களில் உள்ள சைலோசைபின் என்னும் பொருளைக் கொடுப்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநில உரிமம் பெற்ற மையம் ஒன்றுக்கு இந்த வசந்தகாலத்தில் சென்றேன். மையத்தின் பெயரைச் சொல்லாமல், கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் துணிந்ததற்குக் காரணம் 2016-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 51 பேரும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேரும் பங்கேற்ற அவற்றில், புற்றுநோயை ஒட்டிய பதற்றமும் மனச்சோர்வும் கொண்டவர்களுக்குத் தகுந்த துணையோடு சைலோசைபின் கொடுக்கப்பட்டபோது, பெரும்பாலோருக்கு அந்தச் சுமை குறைந்து, பலருக்கு ஆறு மாதங்கள் வரை அப்படியே இருந்தது. சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-இல் காளானிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பொருளை, அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆய்வகங்களிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றிவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினரின் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னரே அறிவியல் உலகம் மீண்டும் அதன் பக்கம் திரும்பியது. இந்த ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு முடிவுகள் உறுதியானவை அல்ல. 2022-இல் வெளியான, 233 பேர் பங்கேற்ற ஆய்வில், 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. பன்னிரண்டு வாரங்களுக்குள் அந்தப் பலன் பலருக்குத் தேய்ந்தது, சிலருக்குத் தற்கொலை எண்ணங்களும் பதிவாயின. தமக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்பதை இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்பவர் எளிதில் ஊகித்துவிடுவதால், எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவதும் கடினம்.

ஓரிகனில் நடப்பதோ மருத்துவமே அல்ல. 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டத்தின்படி, 21 வயது நிறைந்தவர் மருத்துவரின் சீட்டு இல்லாமலே இந்தச் சேவையைப் பெறலாம். ஆனால் காளானை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது, உரிமம் பெற்ற ஒருவரின் பார்வையில் மையத்திலேயே உட்கொள்ள வேண்டும். ‘ஃபெசிலிட்டேட்டர்’ என்று சட்டம் அழைக்கும் அவரை வழித்துணையாளர் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எனக்கு அமைந்த வழித்துணையாளர் ஐம்பது வயதைக் கடந்த, முன்பு செவிலியராக இருந்த பெண்மணி. ஆயத்தச் சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் பேசினார். லித்தியம் என்னும் மனநல மருந்தை உட்கொள்கிறேனா, எனக்குச் சித்தபிரமை போன்ற நிலை எப்போதாவது இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். தொடுவதற்கான ஒப்புதல் படிவத்தை என்னிடம் தந்து, கை, பாதம், தோள், அணைப்பு என்பவற்றில் எதற்குச் சம்மதமோ அதைக் குறிக்கச் சொன்னார். நான் கையையும் பாதத்தையும் குறித்தேன். “அன்றைக்கு நீங்களே கேட்டாலும் இதைத் தாண்டித் தொட மாட்டேன்” என்றார். கனடாவில் எம்.டி.எம்.ஏ. என்னும் இன்னொரு மனமாற்றப் பொருளைப் பற்றிய ஆய்வொன்றில் 2015-இல் சிகிச்சையாளர்கள் எல்லை மீறிய செய்தியைப் படித்திருந்த எனக்கு, இந்த ஒரு வாக்கியமே பாதி நம்பிக்கையைத் தந்தது.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு, ஆய்வகச் சோதனை விவரம் அச்சிட்ட உறையை என் கண்முன்னே பிரித்தார். 25 மில்லிகிராம் சைலோசைபின் அடங்கிய உலர் காளான் பொடியைச் சூடான இஞ்சித் தண்ணீரில் கலந்து குடித்தேன். ஊறவைத்த வைக்கோலின் வாடை அடித்தது. மெத்தை, கம்பளி, கண்மறைப்புத் துணி, வாந்தி வந்தால் எடுக்க ஒரு சிறு வாளி, இவ்வளவுதான் அறை. முக்கால் மணி நேரத்தில் குமட்டலும் ஓயாத கொட்டாவியும் வந்தன. இரண்டாவது மணி நேரத்தில் நான் ஸ்கேன் குழாய்க்குள் கிடந்தேன். அந்த இயந்திரத்தின் தட்டும் ஓசை எலும்புக்குள் கேட்டது. வெளியே வர வேண்டும் என்று கதறினேன். அவர் எந்த விளக்கமும் சொல்லவில்லை. என் பாதத்தின்மேல் கையை வைத்து, “இங்கேதான் இருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அச்சம் உடனே விலகவில்லை; அது ஓயும்வரை அதற்குள்ளேயே என்னால் இருக்க முடிந்தது. அப்படி இருக்க முடியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மாலை நான்கு மணிக்கு, கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைப் பசியோடு சாப்பிட்டேன். அன்று வாகனம் ஓட்டக்கூடாது என்பதால் என் கணவர் வந்து அழைத்துச் சென்றார்.

குறை அதன் பின்னர்தான் தொடங்கியது. அனுபவத்தை அன்றாட வாழ்வோடு பொருத்திப் பேசுவதற்கான பிற்சந்திப்பை வழித்துணையாளர் வழங்க முன்வர வேண்டும், அதை ஏற்பது வாடிக்கையாளரின் விருப்பம். ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்தே பணம் வாங்கியிருந்தார்கள். ஆனால் அதற்குள் அந்தப் பெண்மணி வேறு மையத்துக்குப் போய்விட்டதால், என்னைப் பார்த்தேயிராத ஒருவர் காணொளியில் இருபத்தைந்து நிமிடங்கள் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்த அந்த இரண்டாவது வாரத்தில் எனக்குத் தேவைப்பட்டது அதுவல்ல. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். என் பழைய ஆலோசகரே என்னைத் தாங்கிக்கொண்டார்.

மொத்தச் செலவு 1,900 டாலர். காப்பீடு இதை ஏற்காது. மையத்தின் ஆண்டு உரிமக் கட்டணமே 10,000 டாலர் என்பதால் விலை ஏன் இப்படி என்பது புரிகிறது. ஆனால் கீமோதெரபி அறையில் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த பெண்களில் எத்தனை பேரால் இதைக் கொடுக்க முடியும்?

போர்ட்லாந்தை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாநிலம் அனுமதித்தாலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இந்தப் படிவங்களில் கையெழுத்திட வேண்டாம். நான் குடியுரிமை பெற்ற பிறகே சென்றேன். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் இதற்காக அதைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

சென்ற வாரம் ஸ்கேன் தேதியை மாற்றுவதற்காக மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். விரல்கள் மரத்தன, அடுப்பில் கடுகு வெடித்து அடங்குவதற்குள் சரியாகிவிட்டன. அதே மையத்துக்கு மீண்டும் போக மாட்டேன். அந்தப் பெண்மணி இப்போது பணிபுரியும் மையத்தின் முகவரியைக் குறித்து வைத்திருக்கிறேன்.