இரண்டு ஸ்க்ரூ, இரண்டு பட்டன்: கீழ்ப் பல்செட்டுக்கு உண்மையில் ஆகும் செலவு

"இம்ப்ளாண்ட் 25,000 ரூபாய் மட்டும்" என்று கிளினிக் வாசலில் தொங்கும் பேனரில், அந்த 'மட்டும்' என்ற சொல்லை அப்படியே நம்பலாம். எலும்புக்குள் போகும் டைட்டானியம் ஸ்க்ரூ மட்டும்தான் அந்த விலை. ஸ்க்ரூ மேல் உட்காரும் பட்டன், பட்டனைக் கவ்வும் மூடி, மூடியைச் சுமக்கும் பல்செட், ஸ்கேன் எல்லாம் தனிக்கணக்கு. ஒரு பல் போனவருக்கு அந்த பேனர் ஓரளவு உதவும். பல் மொத்தமும் போனவருக்கு உதவாது.

இங்கே எடுத்துக்கொள்வது கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, சட்டை பிரஸ் பட்டன் மாதிரி மேலிருந்து அழுத்தி மாட்டும் பல்செட். கழற்றி மாட்டலாம், இரவில் கழற்றித்தான் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு விலை நிலவரத்தில், போட்ட காசை இந்த அளவுக்குத் திருப்பித் தரும் பல் வைத்தியம் வேறு அதிகமில்லை.

காரணம் எளியது. மேல் பல்செட் அண்ணம் முழுக்கப் படிந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே பிடிக்க லாட வடிவில் ஒரு மெல்லிய கரைதான் உண்டு. நடுவில் நாக்கு, ஓரத்தில் கன்னத் தசை, இரண்டும் பேசும்போதே தூக்கிவிடும். பல் போன இடத்து எலும்பு வேறு வருஷா வருஷம் கரைகிறது. 2002இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் சொல்ல வேண்டிய வைத்தியம் இந்த இரண்டு இம்ப்ளாண்ட் பல்செட்தான் என்று அறிக்கை விட்டார்கள். இருபது வருஷம் தாண்டியும் நம் ஊரில் நிறையப் பேருக்கு ஒன்று சாதா பல்செட், இல்லையென்றால் மூன்று லட்சத்துக்கு, நாமே கழற்ற முடியாத ஃபிக்ஸட் பல்செட் என்று இரண்டு வழிதான் காட்டப்படுகிறது.

நடுத்தர கிளினிக்கில் கொரிய கம்பெனி இம்ப்ளாண்ட் வைத்தால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் 2,500. ஆபரேஷனோடு சேர்த்து ஸ்க்ரூ ஒன்று 25,000 வீதம் இரண்டுக்கு 50,000. பட்டன், மூடி, மூடிக்குள் இருந்து பட்டனைப் பிடிக்கும் நைலான் சேர்த்து ஜோடி 20,000. மேலும் கீழும் புதுப் பல்செட் 20,000. மூடியைப் பல்செட்டுக்குள் பதிக்க 5,000. ஆக 97,500. ஸ்விஸ் கம்பெனி ஸ்ட்ராமேன் போன்றவை என்றால் ஸ்க்ரூ விலையிலேயே கணிசமாக ஏறும். முன்பக்கக் கீழ்த்தாடை எலும்பு பொதுவாகக் கெட்டியானது. அந்த இடத்துக்கு ஆஸ்டெம், டென்டியம் போன்ற கொரிய கம்பெனிகள் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைப் பல்செட்டில் போடுவது புத்திசாலித்தனம்.

பல்செட்டில் போடுவது என்றால் முக்கியமாக உள்ளே வைக்கும் உலோகச் சட்டம். மூடி பதிக்க, பல்செட்டின் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கைக் குடைந்த இடத்தில் பல்செட் மெலிந்துவிடும், உடைகிற பல்செட் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உடைகிறது. லேபில் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து வார்ப்புச் சட்டம் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கொட்டேஷனில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுத வைக்க வேண்டும்.

இருக்கிற பழைய பல்செட்டிலேயே மூடியைப் பதிக்கலாமா? பல் தேயாமல், ஈறில் ஒட்டி உட்கார்ந்து, கடி சரியாக இருந்தால் பதிக்கலாம், 20,000 மிச்சம். இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லொக்கேட்டர் வகைப் பட்டனுக்கு ஸ்க்ரூ தலையிலிருந்து பல் நுனிவரை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தேவை. இரண்டு ஸ்க்ரூவையும் இணைத்துக் கம்பி போடும் பார் வகைக்கு 12க்கு மேல் வேண்டும். இதை ஸ்க்ரூ வைப்பதற்கு முன் அளக்க வேண்டும். வைத்தபிறகு அளந்தால், பல்லைத் தேய்த்து இடம் உண்டாக்கி, ஆறே மாதத்தில் பல் பெயர்ந்து கையில் வரும்.

மூடியைப் பதிக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், பின்னால் வரும் செலவில் பாதி அங்கேதான் முடிவாகிறது. பட்டன் மேல் முதலில் ஒரு வெள்ளை வளையம், அதன் மேல் உலோக மூடி, மூடிக்குள் கறுப்பு நைலான். பல்செட்டில் குடைந்த குழியில் கொஞ்சமாக அக்ரிலிக் வைத்து, நாக்குப் பக்கம் ஒரு ஓட்டை போட்டு, மிச்சம் அதன் வழியாக வெளியேற விட்டு வாயில் வைப்பார்கள். வெள்ளை வளையத்தை மறந்தால் அக்ரிலிக் பட்டனின் இடுப்புக்குக் கீழே இறங்கி இறுகிவிடும். பல்செட் வாயிலேயே பூட்டிக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு தவறு வெளியே தெரியாது: இறுகும்வரை நோயாளி பலமாகக் கடித்துக்கொண்டிருப்பது. ஈறு அமுங்கிய நிலையில் மூடி பதிந்துவிடும். பிறகு ஈறு மேலெழும்பும்போது பல்செட் பட்டன் மேல் ஊஞ்சலாடும், நைலான் மூன்றே மாதத்தில் தேய்ந்துபோகும். லேசாக மூடியிருங்கள் என்று டாக்டர் சொன்னால் லேசாகத்தான் மூட வேண்டும். இறுகியபின் கறுப்பை எடுத்துவிட்டு நிற நைலானை வைப்பார்கள்.

நிறம்தான் பிடிமானம். ஜெஸ்ட் கம்பெனியின் லொக்கேட்டரில் நீலம் ஏறத்தாழ 680 கிராம் இழுவைக்கு விடும், இளஞ்சிவப்பு 1.36 கிலோ, நிறமில்லாதது 2.27 கிலோ. இரண்டு ஸ்க்ரூவுக்கும் இடையே சாய்வு 20 டிகிரியைத் தாண்டினால் இவை ஆகாது, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு வரிசைக்குப் போக வேண்டும். மற்ற கம்பெனிகளில் நிறக்கணக்கு மாறும். முதல் நாளே இறுக்கமானதைக் கேட்பவர்கள் உண்டு. கை விரல் வாதம் உள்ள பாட்டிக்கு நிறமில்லாததை வைத்துவிட்டால் ராத்திரி கழற்ற வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். நீலத்தில் தொடங்கி, போதவில்லை என்றால் ஏற்றிக்கொள்ளலாம்; மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது.

நைலான் சீக்கிரம் தேய வீட்டில் ஒரு பழக்கமும் காரணமாகிறது. பல்செட்டை வாயில் வைத்துவிட்டு, விரலால் அழுத்தாமல் பல்லால் கடித்து மாட்டுவது. கோணலாக இறங்கி விளிம்பு நசுங்கும். பட்டனின் நடுவே உள்ள குழியில் எள்ளோ முறுக்குத் துணுக்கோ போய் உட்கார்ந்தாலும் பல்செட் முழுதாக இறங்காது. 'லூஸ் ஆகிவிட்டது' என்று வருபவர்கள் சிலருக்கு அந்தக் குழியைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, மெல்லிய பிரஷ் போதும். பல்செட்டை வெந்நீரில் போட்டால் வளையும், பிளீச் நைலானைக் கெடுக்கும், பேஸ்ட் கீறல் போடும்.

இனி யாரும் எழுதித் தராத கணக்கு. நைலான் ஏறத்தாழ வருஷத்துக்கு ஒரு தடவை, டாக்டர் ஃபீஸோடு 2,000 என்று வைத்தால் பத்து வருஷத்துக்கு 20,000. பின்பக்க எலும்பு தொடர்ந்து கரைவதால் பல்செட்டின் அடியை நிரப்பும் ரீலைன் இரண்டு தடவை, 8,000. நடுவில் ஒரு புதுப் பல்செட், புது மூடியோடு 25,000. மொத்தம் 53,000. முதலில் கட்டியதில் பாதிக்கும் மேல். பட்ஜெட் போடுபவர்கள் ஒன்றரை லட்சம் என்று போட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஃபிக்ஸட் வகை, நான்கு முதல் ஆறு ஸ்க்ரூவில் டாக்டர் மட்டுமே கழற்றக்கூடியது, ஒரு தாடைக்கு இரண்டு முதல் நான்கு லட்சம். கடிக்கும் பலம் அதில் கூடுதல்தான். ஆனால் அடியில் சுத்தம் செய்யக் கைப்பழக்கம் வேண்டும், கண் தெரிய வேண்டும். எழுபத்தைந்து வயதில் இது இரண்டும் குறைந்தவருக்குக் கழற்றிக் கழுவும் பல்செட்டே மேல். மேல்தாடைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது: அங்கே எலும்பு மிருது, நான்குக்குக் குறைந்து வைப்பதில்லை. சாதா மேல் பல்செட் நன்றாக நிற்கிறதென்றால் அதைத் தொடாமல் கீழே மட்டும் செலவழிக்கலாம். 3 மில்லிமீட்டருக்கும் மெலிந்த மினி இம்ப்ளாண்ட் கீழே நான்கு வைப்பார்கள், விலை குறையும். எலும்பு ஒல்லியானவர்களுக்கு அது உதவும், அகலமான எலும்பு உள்ளவருக்கு அதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புகை பிடிப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஸ்க்ரூ எலும்போடு சேராமல் போனால் மறு செலவு யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போடுகிறவர்கள் அந்த மருந்துச் சீட்டைக் காட்டாமல் சேரில் உட்காரக் கூடாது, தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

பணம் குறைக்க நல்ல வழி பல் மருத்துவக் கல்லூரி. சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே 1953 முதல் இயங்கும் அரசுக் கல்லூரியிலும் சரி, தனியார் கல்லூரிகளிலும் சரி, மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் கண்காணிப்பில் செய்கிறார்கள். நேரம் மட்டும் நிறையச் செலவாகும். சாதாரண மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இதற்குக் கிடையாது. 60 தாண்டி, காப்பீடே இல்லாதவர் என்றால் பழைய வருமான வரி முறையில் மருத்துவச் செலவுக்கு 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடைக்காது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் இரண்டு டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஸ்க்ரூவுக்கும் பட்டனுக்கும் நடுவே வழக்கமாக மூன்று மாதம்.

ஸ்க்ரூ டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ரசீதில் ஒட்டிக்கொள்ளுங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் அதில் இருக்கும். அது இல்லாமல் எட்டு வருஷம் கழித்து வேறு ஊரில் பட்டன் மாற்றப் போனால், எந்த ஸ்க்ரூடிரைவர் சேரும் என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு ஃபீஸ் கட்ட வேண்டிவரும்.