சிறுநீரகம் தளர்ந்த பெரியவர்களுக்கு எந்த உப்பு: தூளுப்பா, இந்துப்பா, லோ சோடியமா?

சிறுநீரகக் கோளாறு என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் மாறுவது உப்புப் பாக்கெட்தான். எங்கள் தேர்வு விலை குறைந்த அயோடின் தூளுப்பு. ஆனால் அளந்துதான் போட வேண்டும்.

இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். அதிலும் நூற்றுக்கு 97, 98 பங்கு சோடியம் குளோரைடே. மற்ற தாதுக்கள் சமையலில் சேரும் அளவுக்கு ஒன்றுமே இல்லை. அயோடினும் பெரும்பாலும் இருக்காது. "நல்ல உப்புதானே" என்று ஒரு சிட்டிகை கூடவே விழும். கல் உப்பும் எடைக்கு எடை அதே சோடியம்தான்; கையால் அள்ளிப் போடுவதால் கணக்கு தப்பும்.

உண்மையில் பயப்பட வேண்டியது லோ சோடியம் உப்புக்கு. சோடியத்தைக் குறைக்க அதில் பொட்டாசியம் குளோரைடு கலக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லதே; தளர்ந்த சிறுநீரகத்தால் கூடுதல் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் அப்படிப்பட்ட உப்பைப் பரிந்துரைத்தது; ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அப்போதே சொல்லிவிட்டது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு உள்ள உப்பில் 5 கிராம் சாப்பிட்டால் சுமார் 650 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. பொட்டாசியம் அதிகம் என்று இளநீரை நிறுத்திவிட்டு அதே பொட்டாசியத்தைக் குழம்பில் ஊற்றிக் கொடுப்பதுபோலத்தான் இது. டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு அதிகம். அது எல்லை மீறினால் இதயத் துடிப்பு தடம் புரளும்; முன்னறிகுறியே இல்லாமலும் போகலாம். பாக்கெட்டின் பின்புறம் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்றோ அதைக் குறிக்கும் 508 என்ற எண்ணோ இருந்தால் அந்த உப்பு அடுப்படிக்கு வரவே கூடாது. வீட்டுக்கே ஒரே குழம்பு வைக்கும்போது யாருக்கு எந்த உப்பு என்று பிரிக்கவும் முடியாது.

இனி தூளுப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள், எல்லாம் சேர்த்து. ஒருவருக்கு முக்கால் டீஸ்பூன், அதாவது சுமார் 4 கிராம், தலைதட்டி அளந்து காலையிலேயே சின்ன டப்பாவில் போட்டுவிடுங்கள். அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்துதான். மீதி 1 கிராம் பிரெட், பிஸ்கட், தயிர் போன்றவற்றுக்கு. இட்லி மாவில் போட்ட உப்பைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். சாதத்துக்கு உப்பு வேண்டாம். சாம்பாரில் பாதி உப்பை இறக்கும்போது போட்டால் நாக்குக்கு எடுப்பாகத் தெரியும். குறைகிற ருசியை எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம் ஈடுகட்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இத்தனை கவனத்தையும் ஒரு துண்டு ஊறுகாயோ கருவாடோ மோர்மிளகாயோ கெடுத்துவிடும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். இருவர் மட்டும் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் நான்கு மாதம் வர வேண்டும். ஒன்றரை மாதத்தில் தீர்ந்தால் டப்பாவை மீறி எங்கோ கை போகிறது.

ரத்தத்தில் சோடியம் ஏற்கெனவே குறைந்தவர்களும், எழுந்து நின்றால் தலைசுற்றுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் குறைக்கக் கூடாது. இதுவரை லோ சோடியம் உப்பு சாப்பிட்டவர்கள் இன்றே அதை நிறுத்திவிட்டு, அடுத்த செக்கப்புக்குக் காத்திராமல் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.