எக்ஸிமா ரெஜிஸ்ட்ரி: ஏ-ஸ்டாரா, அவர் ஃபியூச்சர் ஹெல்த்தா, எச்சில் கிட்டா?

போன வருஷம் லண்டன்ல என் தோல் டாக்டர் எக்ஸிமாவுக்கு (நம்ம ஊர் கரப்பான்) மெத்தோட்ரெக்ஸேட்னு நோய் எதிர்ப்ப அடக்கற மருந்து ஆரம்பிச்சிடலாம்னு சொன்ன கையோட ஒரு ஃபார்மையும் நீட்டி, ஏ-ஸ்டார்னு எக்ஸிமாக்காரங்கள வருஷக்கணக்கா கவனிச்சு பதிவு பண்ற ஒரு ரெஜிஸ்டர் இருக்கு, சேர்றீங்களான்னு கேட்டாங்க. அதே வாரம் பாத்து அவர் ஃபியூச்சர் ஹெல்த்ங்கற பிரிட்டன் பொது உடல்நல ஆய்வோட லெட்டரும் வீட்டுக்கு வந்துச்சு. அலமாரில எப்பவோ ஆஃபர்ல வாங்குன ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ கம்பெனியோட எச்சில் டிஎன்ஏ டெஸ்ட் கிட் வேற பிரிக்காம கெடந்துச்சு. மூணு பேருக்கும் என் டிஎன்ஏ வேணும். எங்கம்மாவுக்கு கரப்பான், எனக்கு நாலு வயசுலேர்ந்து, இப்ப என் ஆறு வயசுப் பொண்ணுக்கும், அதனால இது ஜீன் வழியா வருதுங்கறத எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டாம், எங்க குடுத்தா உருப்படியா பயன்படும்னுதான் யோசிச்சேன்.

எச்சில் கிட் வேண்டாம்னு சீக்கிரமே தள்ளிட்டேன். 2023ல 69 லட்சம் பேரோட தகவல் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்ல கம்பெனியே திவால் மனு போட்டுச்சு, இதுக்கு மேல என்ன சொல்ல. ஆனா ஒண்ணு, 2023ல வந்த பெரிய எக்ஸிமா ஜீன் ஆய்வுல கண்டுபிடிச்சத சரிபாக்க அவங்க கஸ்டமர்ஸ் 29 லட்சம் பேரோட டேட்டாதான் உதவிச்சு, அதனால எச்சில் துப்புனவங்க வீணா துப்பல.

இன்னொரு ஜீன் ஆய்வும் இருக்கு, ஜீன்ஸ் அண்ட் ஹெல்த். நான் இருக்கற ஈஸ்ட் ஹாம்லேர்ந்து கூப்பிடு தூரம்தான், ஆனா பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளிக்காரங்களுக்கு மட்டும். தமிழனுக்கு அங்க வேலை இல்ல.

மிச்சம் ரெண்டு. அவர் ஃபியூச்சர் ஹெல்த் ரொம்ப ஈஸி. 18 வயசு ஆனா போதும், ஆன்லைன்ல கேள்விகள், ஒரு தடவ போய் ரத்தம் குடுத்து பிபி பாத்துட்டு வரணும். 50 லட்சம் பேர சேர்க்கறது அவங்க குறி. ஆனா எனக்கு எக்ஸிமா எவ்ளோ மோசம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்றத வச்சு, அப்புறம் என்எச்எஸ், அதாவது இங்க அரசு மருத்துவ சேவைல இருக்கற என் ரெக்கார்ட வச்சு. சரி அந்த ரெக்கார்ட்ல என்னதான் இருக்குன்னு ஒரு நாள் ராத்திரி ஆப்ப தொறந்து பாத்தேன். ஒரு எடத்துல டெர்மடைட்டிஸ், ஒரு எடத்துல வெறும் வறண்ட சருமம், நடுவுல நாலு வருஷம் ஒண்ணுமே இல்ல. அந்த நாலு வருஷம்தான் எனக்கு ரொம்ப மோசமான காலம், பெட்ஷீட்ல தினம் ரத்தக்கறை. ஆனா அப்ப நான் ஜிபிகிட்டயே (குடும்ப டாக்டர்) போகல, ஊர்லேர்ந்து யார் வந்தாலும் பெட்னோவேட் ஸ்டீராய்டு க்ரீம் ட்யூப் பத்து வாங்கிட்டு வரச் சொல்லி அதயே தடவிட்டு இருந்தேன். ஜிபி ரெக்கார்ட வச்சு எக்ஸிமா ஆளுங்கள பிரிக்கறப்ப நோய்க்கான கோட் ஒண்ணு, ப்ரிஸ்க்ரிப்ஷன் ரெண்டு இருக்கான்னு பாக்கற முறை ஒண்ணு இருக்கு. அந்த நாலு வருஷத்த மட்டும் எடுத்தா நான் ஆரோக்கியமான ஆளு!

ஏ-ஸ்டார் இதுல வேற ரகம். 2018ல தொடங்குனது, பிரிட்டன் அயர்லாந்து ரெண்டுலயும் நடக்குது, மாத்திரையோ ஊசியோ ஆரம்பிக்கறவங்களதான் சேப்பாங்க. முதல் நாளே ரத்தம் எடுத்தாங்க, அது பெரிய விஷயம் இல்ல. அப்புறம் ஒவ்வொரு விசிட்லயும் நர்ஸ் தலை, கை, உடம்பு, கால்னு தனித்தனியா பாத்து சிவப்பு, தடிப்பு, சொறிஞ்ச கீறல், சொறிஞ்சு சொறிஞ்சு தோல் கெட்டியாகி சொரசொரப்பானது எல்லாத்துக்கும் மார்க் போட்டு 72க்கு ஈஸி (EASI)ங்கற ஸ்கோர் எழுதுவாங்க. நம்ம நெறத்துல சிவப்பு சிவப்பாத் தெரியாது, சாம்பலா இல்ல ஊதாவாத்தான் தெரியும், என் நர்ஸ் ஜன்னல் பக்கம் திருப்பி விரலால அழுத்திப் பாத்துட்டுதான் மார்க் போட்டாங்க. கூடவே போயம்னு (POEM) நாமளே பதில் சொல்ற ஏழு கேள்வி, போன வாரம் எத்தன நாள் தூக்கம் கெட்டுச்சு, எத்தன நாள் ரத்தம் வந்துச்சு, அப்படி. மொத்தம் 28 மார்க்.

இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. ஃபிலாக்ரின் ஜீன எடுத்துக்கங்க. அதுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்ப 2006ல ஸ்காட்லாந்துல டண்டீ டீம் கண்டுபிடிச்சது, அந்த ஜீன் உண்டாக்கற புரதம் சரியா இல்லன்னா தோல் ஈரத்த புடிச்சு வைக்காது. ஆனா அந்த ஜீன்ல கோளாறு இருக்கற பிள்ளைங்களுக்கு எக்ஸிமா சீக்கிரம் விடாதுன்னு 2012ல அமெரிக்காவுல சொல்ல முடிஞ்சது எப்படின்னா, பியர்ங்கற (PEER) குழந்தைங்க எக்ஸிமா ரெஜிஸ்ட்ரி வருஷக்கணக்கா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு கேள்வித்தாள் அனுப்பிட்டே இருந்துச்சு. அது ஜீனுக்காக தொடங்குனதே இல்ல, 2004ல ஒரு க்ரீமோட பாதுகாப்ப பாக்க தொடங்குனது. ரத்தமோ எச்சிலோ எப்ப வேணா எடுத்துக்கலாம், ஜீன் மாறப்போறதில்ல. ஆனா போன மார்ச்ல என் தோல் எப்படி இருந்துச்சுன்னு போன மார்ச்லயே எழுதி வச்சாத்தான் உண்டு.

ஏ-ஸ்டார்ல குறை இல்லாம இல்ல. மோசமானவங்க மட்டும்தான் உள்ள, எக்ஸிமா இல்லாதவங்க ஒப்பிட இல்ல, ஆள் எண்ணிக்கையும் கம்மி. புது ஜீன் இடங்கள தேடணும்னா கூட்டம் வேணும். 2023 ஆய்வுல எக்ஸிமாக்காரங்க மட்டும் 60,000க்கு மேல, அது இந்த மாதிரி ரெஜிஸ்டர்ல நடக்காது. விசிட்டுக்கு லீவும் போடணும். க்ரீம்லயே சமாளிக்கற ஆளா இருந்தா ஏ-ஸ்டார்ல எடமே கெடையாது, யோசிக்காம அவர் ஃபியூச்சர் ஹெல்த்துக்கு போங்க, நானும் அப்புறமா போய் குடுத்துட்டுதான் வந்தேன். குழந்தைங்களுக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாது, என் பொண்ணு இன்னும் க்ரீம்தான், ரெண்டுலயும் அவ சேர முடியாது. நானே சேந்து ஒரு வருஷம்தான் ஆகுது, ரெண்டாவது வருஷமும் இதே ஆர்வத்தோட போவேனான்னு அப்ப பாக்கலாம்.

போன விசிட்ல என்னென்ன தடவுறீங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. எழுதிக் குடுத்ததெல்லாம் சொன்னேன். கடைல வாங்குனது, வெளிநாட்டுலேர்ந்து வந்தது எதாவதுன்னு திரும்ப கேட்டாங்க. கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு, பெட்னோவேட் கதைய சொன்னேன், மாசத்துக்கு எத்தன ட்யூப்னு கேட்டு அதயும் எழுதிக்கிட்டாங்க.