இலவம்பஞ்சு மெத்தை: முதுகுக்கு நாலு ஸ்டார், தூக்கத்துக்கு ஒண்ணு

பிளஸ் ஒன் படிக்கிற பையன், ராத்திரி பத்தரைக்குப் படுத்தா பன்னெண்டரை வரைக்கும் புரண்டுக்கிட்டே கிடக்கான், காலைல ஸ்கூல் வேன் ஹாரன் அடிச்சாத்தான் எந்திரிக்கான். இதுக்காக காரைக்குடியில சொல்லி வச்சு தைச்சு வாங்குன மெத்தையோட ரிவ்யூ இது. முதல்லயே சொல்லிடுறேன், மெத்தை நல்ல மெத்தை, ஆனா கடைக்காரர் சொல்ற காரணத்துக்காக வாங்கிடாதீங்க. கடை பேர் போடல, கீழ குறையும் சொல்லிருக்கேன், எதுக்கு வம்பு.

அதுக்கு முன்னாடி இருந்தது ஃபோம் மெத்தை. சித்திரை மாசம் அதுல படுத்து எந்திரிச்சா முதுகுல சட்டை ஒட்டிக்கிட்டு வரும். எங்க பக்கத்து பழைய வீடுகள்ல செவுரு கனம், கூரை உயரம், ஆத்தங்குடி கல்லு போட்ட தரை வேற, வெறும் தரையில ஒரு பாய விரிச்சாலே சில்லுனு இருக்கும், அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள்ள ஃபோம கொண்டாந்து போட்டு அதுமேல ஃபேனையும் போட்டுக்கிட்டு வேக்காடுன்னு புலம்புறது நம்ம ஆளுங்க மட்டும்தான். தூங்கப் போறப்ப உடம்போட உள்சூடு கொஞ்சம் எறங்கணும், அப்பத்தான் தூக்கம் பிடிக்கும். ஃபோம் அந்தச் சூட்ட அப்படியே பிடிச்சு வச்சுக்கும்.

கடையில ஒரு வேடிக்கை காட்டுனாரு. சாக்குலேர்ந்து ஒரு பிடி பஞ்சு எடுத்து தண்ணி டம்ளர்ல அமுக்கி விட்டாரு, அது மேல வந்து ஒரு சொட்டுகூட நனையாம மிதக்குது. இலவம்பஞ்சு நார் உள்ள குழாய் மாதிரி வெத்தா இருக்கும், மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு, அதான் தண்ணி ஏறாது. அந்தக் காலத்துல கப்பல்ல உயிர்காப்பு சட்டைக்குள்ளயே இதத்தான் அடைச்சிருக்காங்க. சரக்கு தேனி மாவட்டத்து போடிநாயக்கனூர் பக்கத்துலேர்ந்து வருதுன்னாரு, அது நம்புற மாதிரி இருந்துச்சு. அப்புறம் சொன்னாரு பாருங்க, "ஆச்சி, இது உடம்புச் சூட்ட உறிஞ்சிரும், இதுல படுத்தா புள்ள எந்திரிக்கவே மாட்டான்". எந்திரிக்க மாட்டேங்கிறது ஏற்கெனவே நடந்துக்கிட்டுத்தாண்ணே இருக்கு, தூங்குறதுக்கு வழி சொல்லுங்கன்னேன், சிரிச்சுக்கிட்டாரு. உறிஞ்சுறதெல்லாம் ஒண்ணுமில்ல, உள்ள காத்து போய்ட்டு வரும், அவ்வளவுதான் விஷயம்.

ஆறுக்கு மூணு, பத்து கிலோ பஞ்சு, காடா துணி உறை, அங்கங்க நூல் கோத்து முடிச்சு, கூட ஒரு தலகாணி, கூலியோட 5,000க்குள்ள முடிஞ்சுது. முன்னாடி நின்னு எடை போட்டுத்தான் அடைக்கச் சொன்னேன், அதையும் முகம் சுளிக்காம செஞ்சாரு. தையல் நெருக்கமா இருக்கு, ஓரம் ஒரு சீரா இருக்கு. மொத வாரம் மேகத்து மேல படுத்த மாதிரி இருக்கும், அப்புறம் அமுங்கி நம்ம உடம்பு வாகுக்கு வந்துரும். பையனே முதுகு வலிக்கலம்மான்னு சொன்னான், அவன் வாயிலேர்ந்து ஒரு பாராட்டு வர்றது லேசு இல்ல.

தலகாணி கதை வேற. ஒரு பக்கம் கட்டி கட்டியா, கையில நெரடுச்சு. ஓரத்துத் தையல பிரிச்சு பாத்தா கொட்டை, தூசி, நடுவுல சாதாரண வேஸ்ட் பஞ்சு. அவர் காட்டுன அதே டம்ளர் வித்தைய வீட்டுல செஞ்சேன், ஊறி அடியில போய் உக்காந்துருச்சு. கொண்டுபோய் கடையில வச்சா "அது வேற ஆளு தைச்சது ஆச்சி"ங்கிறாரு. யாரு தைச்சா எனக்கென்ன, காசு வாங்குனது நீங்கதானேன்னு கேட்டப்புறம் மாத்திக் குடுத்தாரு. அதனால தலகாணி வாங்குறவங்க அங்கயே ஒரு ஓரத்தப் பிரிச்சு பாத்துட்டு வாங்குங்க, வெக்கப்படாதீங்க.

இப்ப தூக்கத்துக்கு வருவோம். புது மெத்தையிலயும் மணி பன்னெண்டு வரைக்கும் முழிச்சுத்தான் கிடந்தான், என்ன முன்னமாதிரி வேர்க்காம முழிச்சுக் கிடந்தான். ஏன்னா சிக்கல் முதுகுல இல்ல. வயசுக்கு வர்ற பருவத்துல ஆணோ பொண்ணோ உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமே பின்னால தள்ளிப் போயிடுது, தூக்கத்துக்கு சிக்னல் குடுக்கிற மெலடோனின் ராத்திரி லேட்டாத்தான் சுரக்க ஆரம்பிக்கும், ரெண்டு மணி நேரம் வரைக்கும்கூட தள்ளலாம். போதாக்குறைக்கு பகல் பூரா முழிச்சிருந்தா சேர்ற தூக்க அசதியும் இந்த வயசுல மெதுவாத்தான் சேருது. அமெரிக்காவுல பிரவுன் யூனிவர்சிட்டியில மேரி கார்ஸ்கடன்னு ஒருத்தங்க பல வருஷமா இதத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. ஆக பையன் திமிருல முழிச்சிருக்கல, உடம்பு அப்படி. இத எங்க மாமியார்கிட்ட சொன்னா, "நாங்கள்லாம் பதினாறு வயசுல எட்டு மணிக்குப் படுத்துருவோம்"ங்கிறாங்க. அப்ப ட்யூப் லைட்டு எங்க இருந்துச்சு, செல்போன் எங்க இருந்துச்சு ஆத்தா.

கணக்கு போட்டாத்தான் வயிறு எரியுது. 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் எட்டுலேர்ந்து பத்து மணி நேரம் தூங்கணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அமைப்பு 2016லயே சொல்லிருச்சு. நம்ம பசங்க பன்னெண்டரைக்குத் தூங்கி ஆறுக்கு எந்திரிச்சா அஞ்சரை மணி நேரம். அங்க கலிஃபோர்னியாவுல 2019ல சட்டமே போட்டு 2022லேர்ந்து ஹைஸ்கூல் எட்டரைக்கு முன்னாடி தொடங்கக்கூடாதுன்னு வச்சுட்டாங்க. இங்க ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன், அது முடிஞ்சு வர்ற வழியில பசங்களோட டீக்கடை. ஆறரைக்குக் குடிச்ச டீயில இருக்கிற காஃபின்ல பாதி பதினொன்றரைக்கும் உடம்புக்குள்ளயே இருக்கும், ஏன்னா பாதி கரையவே அஞ்சு மணி நேரம்போல ஆகும்.

எங்க வீட்டுல கொஞ்சமாவது வேலை செஞ்சது காலை வெளிச்சம். எந்திரிச்சதும் ரூமுக்குள்ள உக்காராம வளவுல வந்து உக்காந்து படிக்கச் சொன்னேன், மேல தொறந்து கிடக்கிற எடம், வெளிச்சம் நேரா மூஞ்சியில விழும். காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் அந்தக் கடிகாரம் முன்னால நகரும். ஞாயித்துக்கிழமை பதினொரு மணி வரைக்கும் தூங்குறத நிறுத்தி எட்டரையோட எழுப்பி விடுறோம், இல்லாட்டி திங்கக்கிழமை பூரா வேற நாட்டு டயத்துல இருப்பான். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ஒரு மணி நேரம் குப்புற விழுந்து தூங்குவான், அதையும் இருவது நிமிஷத்தோட எழுப்பிடுறது. செல்போன் ராத்திரி மாமியார் ரூம்ல சார்ஜ் ஏறும், அவங்ககிட்டேர்ந்து வாங்குறதுக்கு கலெக்டர் ஆர்டர் வேணும். இதெல்லாம் சேர்ந்து இப்ப பதினொண்ணு, பதினொன்னேகால் வாக்குல தூங்கிடுறான், அதுக்குமேல இழுக்க முடியல, ஸ்பெஷல் கிளாஸ் ஏழரைக்கு இருக்கிற வரைக்கும் முடியவும் முடியாது.

இத்தனையும் செஞ்சும் வாரக்கணக்குல தூக்கம் வரலன்னா, இல்ல புள்ள சோர்ந்து போய் யாரோடயும் பேசாம இருந்தா, குறட்டை விட்டு மூச்சு திணறுனா, டாக்டர்கிட்ட போங்க. ஆன்லைன்ல விக்கிற மெலடோனின் மிட்டாய நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

மெத்தைய வச்சுக்கிற விதம்: துவைக்கவே கூடாது, மேல ஒரு உறை போட்டு அதைத் துவைங்க. மாசத்துக்கு ஒருக்கா மொட்டைமாடி வெயில்ல போட்டு ரெண்டு பக்கமும் தட்டி எடுங்க, பஞ்சு எழும்பி வரும், மழைக்காலத்துல மறந்துட்டா ஒரு வாடை அடிக்கும். சில வருஷம் போனா கட்டி பிடிக்கும், பிரிச்சு திரும்ப அடிச்சு தைக்கக் கூலி குடுக்கணும். தூசி அலர்ஜி, இழுப்பு இருக்கிற புள்ளைங்களுக்கு யோசிச்சு வாங்குங்க, தைக்கிற அன்னிக்கு நானே நாலு தும்மல் போட்டேன். பங்குனி சித்திரையில காய் வெடிச்சு புதுப் பஞ்சு வரும், சின்னவளுக்கு அப்ப ஒண்ணு சொல்லலாம்னு இருக்கேன், அதே கடையிலதான், தலகாணி மட்டும் வேற எடத்துல.