தோட்டத்துக் கதைக்கு ஏஐ படம்: இலவசமாகக் கிடைப்பதில் எது தேறும்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு சீக்கிரமே படத்துக்குப் போய்விடுகிறது. ஞாயிறு பதிப்பில் கதை வந்தால் பத்திரிகைக்காரர்களே ஓவியம் போட்டுவிடுவார்கள். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நாமே போடுகிற தொடர்கதைக்குப் படமும் நாமேதான் தேட வேண்டும், ஓவியருக்குக் கொடுக்கக் காசும் இருக்காது, அதனால் இலவச ஏஐ. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், காரணம் எல்லோரும் படம் பளபளப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பளபளப்பு இன்று எல்லாவற்றிலும் வருகிறது. கதைக்குப் படம் என்றால் நான் பார்ப்பது இரண்டுதான்: ஏஐக்குத் தெரியாததை நாம் காட்டிக் கொடுக்க முடியுமா, முதல் வாரம் வந்த முகமே நாலாவது வாரமும் வருமா.

தெரியாதது நிறைய இருக்கிறது. ஒரு தளத்தில் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணைக் கேட்டேன், முதுகில் கூடையோடு தேயிலை பறிக்கும் பெண் வந்து சிரித்துக்கொண்டு நின்றாள். விளக்கிச் சொன்னதும் கூடை போய்விட்டது, கையில் கோடரி வந்தது. பால் வெட்டு என்றால் உளியால் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவது, வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சுமார் 30 டிகிரி சாய்ந்து இறங்கும், அதன் முனையில் பால் வழியும் தகரமும் கீழே அதைப் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணமும் இருக்கும், மரங்கள் நேர்வரிசையில் நிற்கும். தோட்டத்தில் வளர்ந்தவன் இதில் ஒன்று பிசகினாலும் உடனே கண்டுபிடித்துவிடுவான், கதையை அப்புறம் எங்கே படிக்கப்போகிறான்? எண்ணெய் எடுக்கும் செம்பனையும் இப்படித்தான், கேட்டால் தென்னையோ பேரீச்சையோ வந்து நிற்கும், குலை இருக்க வேண்டிய இடத்தில் இளநீர் தொங்கும்.

இதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ 2022 ஆகஸ்டில் வெளியானபோது அது படித்திருந்தது லயான்-5பி என்ற தொகுப்பின் ஒரு பகுதியை. அந்தத் தொகுப்பில் மொத்தம் சுமார் 585 கோடி படங்கள், ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் கூடவே கிடந்த குறிப்பு. ஆங்கிலக் குறிப்பு உள்ளவை சுமார் 232 கோடி, அது பெரும்பாலும் படித்தது அந்தப் பக்கத்தைத்தான். இணையத்தில் தேயிலை மலைப் படம் சுற்றுலாக்காரர்கள் புண்ணியத்தில் கொட்டிக் கிடக்கிறது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தையும் யார் படம் எடுத்துக் குறிப்பு எழுதிப் போட்டார்கள்?

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிரேயான் தளத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2022-ல் டால்-ஈ மினி என்ற பெயரில் உலகமே சிரித்து விளையாடிய அதே சரக்கு, விளம்பரத்தோடு இலவசம். விளையாடலாம், கதைக்கு ஆகாது.

பிங் இமேஜ் கிரியேட்டர் வேறு தரம். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் போதும், 2023 அக்டோபரில் டால்-ஈ 3 என்ற படம் வரையும் மாடல் அதில் வந்தது, பிறகு வேறு மாடல்களும் சேர்ந்தன. நீளமாக விவரித்தால் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். சிறுகதைக்குத் தலைப்புப் படம் ஒன்றே ஒன்று, மழை, ரயில்வே ஸ்டேஷன், திண்ணையில் தனியாக ஒரு கிழவர், இந்த மாதிரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போகலாம். ஆனால் அடிப்படையில் இது எழுத்தில் சொன்னதை வரையும் தளம். அதே கிழவரை அடுத்த வாரம் கேட்டால் வேறொரு கிழவர் வருவார், முகத்தைப் பிடித்து வைக்க கையில் பிடிமானம் கிடையாது. இன்னொன்று, வன்முறைக்கு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கதை என்றால் 1948 ஜூன் 16-ஐத் தொடாமல் எத்தனை நாள் எழுத முடியும்? பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த நாள் அது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப்போன கதையும் அப்படித்தான். துப்பாக்கி, ரத்தம், பிணம் என்று எழுதினால் தடுத்துவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் சுட்டதற்கு மறுநாள் காலையை வரையச் சொல்ல வேண்டும். சில நேரம் அதுவே கதைக்கு நல்ல படமாகவும் அமைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

தொடர்கதைக்கு என்னைக் கேட்டால் கூகுளின் ஜெமினிதான் முன்னால் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் நானோ பனானா என்ற செல்லப்பெயரோடு ஒரு மாடலை விட்டார்கள், அதில் நாம் ஒரு போட்டோவைக் கொடுத்து இதைப் பார்த்து வரை என்று சொல்லலாம். இது பெரிய விஷயம். மரத்தில் வெட்டு எப்படி இருக்கும் என்று பத்து வரி எழுதிப் போராடுவதற்குப் பதில், நாமே போய் மரத்தையும் மங்கையும் போனில் எடுத்துக் கொடுத்துவிடலாம். பாட்டி காலத்து லயத்துப் படம் யார் வீட்டிலாவது ஆல்பத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள், ஆனால் அதில் இருக்கிற ஆட்களின் முகத்தை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். முதல் படத்தையே திரும்பக் கொடுத்து, அதே பெண், இப்போது மழையில் நிற்கிறாள் என்றால் முகம் ஓரளவு நிற்கும். தமிழிலேயே சொல்லலாம், புரிந்துகொள்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் முழுக்கத் தமிழில் பேசியே தன் தொடருக்குப் படம் வாங்குகிறார்.

குறை இல்லாமல் இல்லை. இலவசம் என்றால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறும். படத்தின் மூலையில் ஒரு அடையாளமும், கண்ணுக்குத் தெரியாமல் சிந்த்ஐடி என்ற முத்திரையும் இருக்கும். சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் இன்னொன்றை மறக்க வேண்டாம்: 2024 பிப்ரவரியில் பழங்காலத்து ஆட்களைத் தாறுமாறாக வரைந்ததால் மனிதர்களை வரைவதையே கூகுள் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. மாடல் மாறியிருக்கிறது, இருந்தாலும் 1950 என்று சொன்னால் உடை, விளக்கு, சைக்கிள் எல்லாவற்றையும் நாம்தான் சரிபார்க்க வேண்டும். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்துக்குப் பின்னணியில் செம்பனை வரிசை வந்து நின்றால் வாசகர் விடமாட்டார்.

கடைசி வழி, சொந்தக் கம்ப்யூட்டர். வீட்டில் பையன் கேம் விளையாட வாங்கிய மெஷின் இருந்தால் இது உங்களுக்கு. ஃபூக்கஸ் என்ற இலவச மென்பொருள் 4 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கார்டு, 8 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும் என்கிறது, ஆனால் அந்த அளவில் மெதுவாகத்தான் போகும், பொறுமை வேண்டும். தினசரி வரம்பு இல்லை, தடுப்பவரும் இல்லை, ஒவ்வொரு படத்துக்கும் உள்ள சீட் எண்ணைக் குறித்து வைத்தால் அதே படத்தைத் திரும்ப எடுக்கலாம். இதன் உண்மையான பலம் லோரா, அதாவது மாடலுக்கு நாமே புதிதாகக் கற்றுக்கொடுத்துச் சேர்க்கும் சின்ன இணைப்பு. நம் தோட்டத்துப் படங்கள் கொஞ்சம் சேர்த்து அதற்குப் பாடம் நடத்தலாம், மங்கையும் பால் வாளி சுமக்கும் காண்டாவையும் அது அப்போதுதான் கற்றுக்கொள்ளும். வேறு எந்த இலவச வழியிலும் இந்த அளவுக்கு உள்ளே கைவைக்க முடியாது. ஆனால் தமிழில் சொன்னால் விளங்காது, ஆங்கிலத்தில்தான், அதுவும் பழைய மாடல்கள் ஒரு தடவைக்கு 77 டோக்கன் (சொல் துண்டு)தான் வாங்கும். லோரா பயிற்சிக்குத் தனி மென்பொருள், நல்ல கார்டு, இரண்டு மூன்று வார இறுதிகள் போகும். நாவல் எழுதுகிறவருக்கு அது தகும், மாதம் ஒரு சிறுகதை எழுதுகிறவருக்கு வீண் வேலை. 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் என்ற மாடல் இன்னும் நன்றாக வரைகிறது, பெரிய மாடல் என்பதால் சாதாரண கார்டு திணறும். அதில் ஷ்னெல் வகை அப்பாச்சி என்ற திறந்த உரிமத்தில் தாராளமாகக் கிடைக்கிறது, டெவ் வகைக்கு வணிகக் கட்டுப்பாடு உண்டு, புத்தகம் போட்டு விற்கிறவர்கள் கவனியுங்கள்.

புத்தகம் என்றதும் உரிமைப் பேச்சு வரும். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் விஷயத்தில் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, ஏஐ வரைந்த படங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. இங்கே சட்டம் வேறு. ஆனாலும் அட்டைப் படத்தை இன்னொருவர் தூக்கிப் போட்டுக்கொண்டால் சண்டைக்குப் போக நமக்குப் பிடிமானம் குறைவு என்று வைத்துக்கொள்வது நல்லது. உயிரோடு இருக்கும் ஓவியரின் பெயரைச் சொல்லி அவர் பாணியில் வரை என்று கேட்பதை நான் செய்வதில்லை, அவர் பிழைப்பு அது.

அப்புறம் ஒன்று, எந்த வழியில் போனாலும் தமிழ்ப் பெயர்ப்பலகையைப் படத்துக்குள் கேட்காதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறி வரும் வாய்ப்பே அதிகம். பலகையை வெறுமையாக வாங்கி, எழுத்தைக் கேன்வாவில் தனியாகப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.