மேக் மினியா, அசெம்பிள் டவரா? ஸ்டூடியோவில் காசு போடுமுன் பார்க்க வேண்டியவை

வீடியோ எடிட்டிங்குக்கு அப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினியா, பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டும் டவரா? முதலில், 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 சிப் மினியின் விலையைப் பார்ப்போம். அறிமுகத்தின்போது 599 டொலருக்கு 16 ஜிபி ராம் கொடுத்து ஆளைப் பிடித்தார்கள், 256 ஜிபி சேமிப்பை 512 ஆக்க 200 டொலர் கேட்டார்கள், இலாபம் அங்கேதான்.

மட்டக்களப்பில் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கு இந்தச் சேமிப்பு விஷயம்தான் முக்கியம். நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தில் எடுத்த 4கே பதிவு மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கமரா, மும்மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. அடிப்படை மினிக்குள் ஒரு கல்யாணமே அடங்காது. அந்த 200 டொலரைக் கொடுக்காதீர்கள். 1 டிபி வெளி எஸ்எஸ்டி வாங்கிப் பின்பக்கத் தண்டர்போல்ட் என்ற வேகத் துளையில் செருகினால் போதும். பழைய அகலமான யூஎஸ்பி துளை (ஏ வகை) மினியில் இல்லை, அதைக் கொடுக்கும் ஒரு ஹப்புக்கும் காசு ஒதுக்குங்கள். ராம் சிப்போடு சேர்ந்தது, பிறகு கூட்ட வழியே இல்லை.

டவரில் ராம், டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் தனித்தனியே மாற்றலாம். கல்லடி, கல்முனைக் கரையோரம் உப்புக் காற்றில் ராம் முனை கறுத்துத் திரை வராமல் போனால், பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, பொன்னிற முனையை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துப் பூட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். மினியின் போர்டு பழுதானால் முழுப் போர்டையும் மாற்ற வேண்டிவரும்.

கரண்ட் விஷயத்தில் மினிக்கு ஈடில்லை. உச்ச வேலையிலும் 65 வாட்தான். திரையோடு சேர்த்தாலும் 650 விஏ யூபிஎஸ் தாராளமாகத் தாங்கும். கிராபிக்ஸ் கார்ட் போட்ட டவர், முடிந்த வீடியோவை உருவாக்கும் ரெண்டர் நேரத்தில் 300 வாட்டைத் தாண்டினால் அதே யூபிஎஸ், கரண்ட் போனதும் கையை விரித்துவிடும்.

டவர்தான் என்று முடிவெடுத்தால், பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் புரொசெசர் வேண்டாம். அதில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை. பல புதிய கமராக்கள் 10 பிட் 4:2:2 எச்இவிசி என்ற சுருக்கிய வடிவில் பதிகின்றன; அதை விரித்து ஓட்ட உதவுவது அந்த உள்ளிணைந்த பகுதிதான், ஆகவே எடிட் செய்யும்போது பதிவு திக்கித் திக்கி ஓடுவதற்கு அது இல்லாததே காரணமாகலாம். மினி அதைத் தடையின்றி ஓட்டும்.

எடிட்டிங் மட்டும் என்றால் நாங்கள் மினியையே சொல்வோம். அதே மேசையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அழைப்பிதழும் அடிப்பதென்றால் டவரை வாங்குங்கள். பேஜ்மேக்கர் இன்றைய மேக்கில் ஓடாது.